8 ஜிபி லேப்டாப்பில் யூனிசிவ்: எமுலேட்டரை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நகரங்களையும் படைகளையும் கட்டி நாட்டை வளர்க்கும் யூனிசிவ் (Unciv) கேமைப் போனில் விளையாடி வருகிறீர்கள். அது ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளே புகுந்து ஏதாவது மாற்றிப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்கி, கிட்ஹப் தளத்திலிருந்து சோர்ஸை எடுத்துத் திறந்தால் கிரேடில் சிங்க் (நிரலைக் கட்டும், அதாவது பில்டு செய்யும், கருவியின் முதல் தயாரிப்பு வேலை) சிவப்பில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டருக்குள் ஒரு போலிப் போனை ஓட்டும் எமுலேட்டரைத் திறந்தால் மெஷினே உறைந்துபோகிறது. மூன்று நாள் போய்விட்டது. "வேறு லேப்டாப் வாங்கணுமா, இல்லை முதலில் ஒரு ஆண்ட்ராய்டு கோர்ஸ் முடிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், தமிழில் கேமைக் கொண்டுவர முடியுமா என்றும் ஒரு வரி.

லேப்டாப்பும் வாங்க வேண்டாம், கோர்ஸும் வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான்: ஒரு வரியை மாற்றினால் அது கேமில் உடனே தெரிய வேண்டும். மாற்று, ஓட்டு, பார், மறுபடி மாற்று என்ற அந்தச் சுற்று சீக்கிரம் முடிகிற மெஷினில்தான் ஆசை தங்கும். பத்து வருடத்துக்கு மேலாக ஜாவாவிலும் கோட்லினிலும் மொபைல் வேலை பார்க்கிறேன். ஆர்வத்தோடு வந்து பாதியில் விட்டுப் போனவர்களில் பலர் நிரல் எழுதத் தெரியாமல் போகவில்லை. ஒரு மாற்றத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் காத்திருந்து சலித்துப் போனார்கள். உங்கள் லேப்டாப்பிலேயே அந்தச் சுற்றைச் சின்னதாக்க முடியும். அதற்கு போனும் எமுலேட்டரும் இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. யூனிசிவ் கோட்லின் மொழியில், லிப்ஜிடிஎக்ஸ் என்ற கேம் லைப்ரரியின் மேல் எழுதப்பட்டது. லிப்ஜிடிஎக்ஸில் கேமின் மூளை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். போனுக்கு ஒரு வாசல், கம்ப்யூட்டருக்கு ஒரு வாசல் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். யூனிசிவ் ஃபோல்டரைத் திறந்தால் கோர், டெஸ்க்டாப், ஆண்ட்ராய்டு, சர்வர், டெஸ்ட்ஸ் என்ற பெயர்கள் கண்ணில் படும். வரைபடம், நகரங்கள், போர்க் கணக்கு, எதிரி நாடு எப்படி யோசிக்கிறது, திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என எல்லாமே கோரில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் இருக்கும் கோட்லின் ஃபைல்கள் கொஞ்சம்தான். டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருப்பது விண்டோஸ், லினக்ஸ், மேக் கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலைத் திறந்து அதற்குள் அதே கோரை ஓட்டும் சின்ன வாசல். ஆகவே டெஸ்க்டாப்பில் நீங்கள் பார்ப்பது போலி கேம் இல்லை. போனில் ஓடும் அதே நிரல்தான் உங்கள் திரையில் ஓடுகிறது.

இதை நான் தெரிந்துகொண்டது வேறொரு கேமில், ஷேட்டர்டு பிக்சல் டஞ்சனில். அதுவும் லிப்ஜிடிஎக்ஸ்தான். அப்போது என்னிடம் இருந்ததும் உங்களுடையது போன்ற ஒரு லேப்டாப். இரண்டு மாலை எமுலேட்டரோடு போராடினேன். ஆண்ட்ராய்டு லோகோ வரும், ஃபேன் சத்தம் அறை முழுக்கக் கேட்கும், மவுஸ் அம்பு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் கிரேடில் டாஸ்க் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தபோது டெஸ்க்டாப் என்று ஒரு தலைப்பு இருந்தது. அதை ஓட்டினேன். சில நொடிகளில் ஒரு சாதாரண ஜன்னலில் கேமின் முகப்பு வந்து நின்றது. அன்று இரவு எமுலேட்டரை அன்இன்ஸ்டால் செய்தேன். அந்த கேமுக்காக அதை மறுபடி போடவே இல்லை.

சரி, உங்கள் சிங்க் பிழைக்கு வருவோம். நீங்கள் "சிவப்பில் நிற்கிறது" என்று மட்டும் எழுதியிருப்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு வழக்கமாக நேர்வது நான்கு. பிழைச் செய்தியில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்தால் எது என்று பிடித்துவிடலாம்.

முதலாவது, ஜாவா பதிப்பு. "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்" என்று சொல்லி ஒரு எண் வருகிறதா? அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழியுங்கள். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. இந்தச் செய்தி வந்தால், உங்கள் மெஷினில் இருக்கும் ஜாவா அந்தப் புராஜெக்டின் கிரேடிலுக்குப் புதிதாகிவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாக, ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினுக்கு ஜாவா 17 வேண்டும், நீங்கள் 11 வைத்திருக்கிறீர்கள் என்று தெளிவாகவே சொல்லும் செய்தியும் உண்டு. அந்த பிளகினின் 8ஆம் பதிப்பிலிருந்து 17க்குக் கீழே எதுவும் ஓடாது. கல்லூரி லேபுக்காக எப்போதோ போட்ட ஜாவா 8 உங்கள் மெஷினில் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு, கவனியுங்கள்: ஸ்டுடியோ தன்னோடு ஒரு ஜாவாவைக் கொண்டுவருகிறது, கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலோ ஜாவா ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் காட்டும் ஜாவாவைப் பிடிக்கிறது. அதனால் ஒரே புராஜெக்ட் ஒரு இடத்தில் ஓடி இன்னொரு இடத்தில் விழும். இரண்டையும் ஒரே ஜாவாவுக்குக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இரண்டாவது, ஃபோல்டரின் பெயர். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? அல்லது புராஜெக்டைத் தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரில் போட்டிருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு பில்டு கருவிகள் விண்டோஸில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத எழுத்துள்ள பாதையை ஏற்காமல் நேரடியாகவே பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு இது வருத்தமான விஷயம்தான், ஆனாலும் இந்த வேலைக்கு மட்டும் சி டிரைவில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவுக்குள் வைக்காதீர்கள். பில்டு நடக்கும்போது நூற்றுக்கணக்கான ஃபைல்கள் உருவாகி அழியும். ஒன்டிரைவ் ஒவ்வொன்றையும் மேலே ஏற்றப் பார்த்து, ஃபைலைப் பூட்டி வைத்துவிடும்.

மூன்றாவது, நெட்வொர்க். கிரேடில் முதல் முறை தன்னையே இறக்கிக்கொள்கிறது, பிறகு கேமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. கல்லூரி அல்லது அலுவலக வைஃபையில் இருந்தால், நடுவில் இருக்கும் ஃபயர்வால் பாதுகாப்புச் சான்றிதழை மாற்றிக் கொடுக்கும். ஜாவா அதை நம்பாது. "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு" என்று செய்தியில் வந்தால் பெரும்பாலும் இதுதான். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள், அதற்குப் பிறகு எல்லாம் மெஷினிலேயே சேமிப்பில் இருக்கும். நான்காவது இதன் தொடர்ச்சி: பாதியில் அறுந்த டவுன்லோட். ஜிப் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கிரேடில் ஃபோல்டரைத் திறந்து, அதில் ராப்பர் என்பதற்குள் அரைகுறையாக இறங்கிக் கிடப்பதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கரன்ட் போய் வருகிற ஊரில் இது சாதாரணம்.

இனி நான் செய்யும் வரிசை. கிட்ஹப்பில் யூனிசிவை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் (சொந்தப் பிரதி) செய்யுங்கள், அந்த ஃபோர்க்கை உங்கள் மெஷினுக்குக் குளோன் செய்து இறக்குங்கள். டேட்டா குறைவாக இருந்தால் குளோன் செய்யும்போது டெப்த் 1 என்று கொடுங்கள். பல வருடம் பலர் சேர்த்த படங்கள் அந்த வரலாற்றில் இருக்கின்றன, அதெல்லாம் இப்போது உங்களுக்கு வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் முழு வரலாற்றையும் இழுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஸ்டுடியோவைத் திறக்காமலே, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய், அங்கேயே இருக்கும் கிரேடில் ராப்பர் ஸ்கிரிப்ட்டை அழையுங்கள்: ராப்பரின் பெயர் (gradlew), ஒரு இடைவெளி, டெஸ்க்டாப், ஒரு முக்காற்புள்ளி, ரன். பவர்ஷெல் என்றால் ராப்பர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் வேண்டும். கிரேடிலை நீங்களாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எந்தப் பதிப்பு வேண்டும் என்பது ராப்பரின் செட்டிங்ஸ் ஃபைலில் எழுதியிருக்கிறது, அதுவே கொண்டுவரும். யூடியூபில் பார்த்து யாராவது தனியாக கிரேடில் இன்ஸ்டால் செய்திருந்தால், அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் முறை பல நிமிடம் ஆகும். எழுத்து எதுவும் நகராமல் ஒரே வரியில் நிற்பது போலத் தெரியும். நிறுத்திவிடாதீர்கள், டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த வழியில் உங்களுக்கு வேண்டியது ஒரு ஜேடிகேயும் (ஜாவா நிரல் கட்டும் கருவித்தொகுப்பு), குளோன் செய்ய உதவும் கிட் என்ற மென்பொருளும் மட்டுமே. ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு ஆப் கட்டும் கருவித்தொகுப்பு) எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஆண்ட்ராய்டு மாட்யூலைச் சேர்க்கும்படி யூனிசிவின் பில்டு அமைக்கப்பட்டிருக்கிறது; இல்லையென்றால் அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டும். முடிந்ததும் கேம் ஜன்னல் திறக்கும். அது திறந்துவிட்டால் உங்கள் லேப்டாப் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ராம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பயம் அங்கேதான். ஸ்டுடியோ தன் அளவில் ஒரு பெரிய ஜாவா புரோகிராம். பில்டு செய்யும்போது கிரேடில் டீமன் என்று இன்னொன்று பின்னணியில் எழும். கோட்லினைக் கம்பைல் செய்ய மூன்றாவதாக ஒரு டீமன். இந்த மூன்றும் தனித்தனியாக நினைவகம் எடுக்கும், விண்டோஸும் குரோமும் ஏற்கெனவே எடுத்தது போக. இதற்கு மேல் எமுலேட்டர் என்பது ஒரு முழுப் போனையே ராமுக்குள் உட்கார வைப்பது. கூகுளே ஸ்டுடியோவுக்கு மட்டும் 8 ஜிபி, எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜிபி என்று குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. ஆக உங்கள் மெஷின் உறைந்தது உங்கள் தவறும் இல்லை, லேப்டாப்பின் கோளாறும் இல்லை. எமுலேட்டரை எடுத்துவிட்டால் 8 ஜிபிக்குள் அடங்கும். பில்டு ஓடும்போது பிரவுசரை மூடிவிடுங்கள். புராஜெக்டின் கிரேடில் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் டீமனுக்கு எவ்வளவு நினைவகம் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கூட்டினால் வேகம் வரும் என்று நினைத்துக் கூட்டாதீர்கள். 8 ஜிபியில் அது டிஸ்க்கைத் தேய்க்கத்தான் வைக்கும். விண்டோஸ் டிஃபெண்டர் ஒவ்வொரு ஃபைலையும் சோதிப்பதும் பில்டை இழுக்கும். புராஜெக்ட் ஃபோல்டரையும் கிரேடில் சேமிப்பு ஃபோல்டரையும் அந்தச் சோதனையிலிருந்து விலக்க ஸ்டுடியோவே கேட்கும். நம்பகமான இடத்திலிருந்து எடுத்த சோர்ஸ் என்றால் விலக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற வழி இருந்தால், புது லேப்டாப் வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

டெர்மினலில் ஓடிய பிறகு ஸ்டுடியோவையோ இன்டெல்லிஜேயையோ திறங்கள். இரண்டின் அடித்தளமும் ஒன்றுதான், ஆண்ட்ராய்டு வேலை இல்லாதபோது இன்டெல்லிஜே எனக்கு இலகுவாகத் தோன்றுகிறது. பிரேக்பாயின்ட் வைத்து நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க இது வேண்டும். இங்கேதான் எல்லோரும் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரன் கான்ஃபிகரேஷன் என்று ஒன்றை உருவாக்க வேண்டும்: வகை அப்ளிகேஷன், மாட்யூல் டெஸ்க்டாப், மெயின் கிளாஸ் டெஸ்க்டாப் லாஞ்சர். அதற்குக் கீழே வொர்க்கிங் டைரக்டரி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் புராஜெக்டின் முதன்மை ஃபோல்டர் தானாகவே நிரம்பியிருக்கும். அதை அப்படியே விட்டால் கேம் தொடங்கிய உடனே ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று விழும். அந்தக் கட்டத்தை மாற்றி, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருக்கும் அசெட்ஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள். டெஸ்க்டாப்பில் லிப்ஜிடிஎக்ஸ் தன் ஃபைல்களை முதலில் வொர்க்கிங் டைரக்டரியில்தான் தேடுகிறது. யூனிசிவின் படம், ஒலி, விதி எல்லாம் ஆண்ட்ராய்டு அசெட்ஸில்தான் இருக்கின்றன. டெர்மினல் வழியாக ஓட்டும்போது கிரேடில் டாஸ்க்கே இதைச் சொல்லிவிடுவதால் அங்கே இந்தப் பிழை வராது. "டெர்மினலில் ஓடுகிறது, ஸ்டுடியோவில் ஓடவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்றுதான்.

மேக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: ஜன்னல் திறக்காமல் முதல் த்ரெட் பற்றி ஏதாவது சொல்லி நின்றால், விஎம் ஆப்ஷனில் "ஸ்டார்ட் ஆன் ஃபர்ஸ்ட் த்ரெட்" என்ற கொடியைச் சேர்க்க வேண்டும். என் அன்றாட வேலை லினக்ஸிலும் விண்டோஸிலும்தான் என்பதால் மேக்கின் மற்ற சிக்கல்களுக்கு நான் நல்ல ஆள் இல்லை.

முதல் மாற்றமாக கோட்லினைத் தொடவே வேண்டாம். அசெட்ஸுக்குள் ஜேசன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. படைகள், கட்டடங்கள், தொழில்நுட்பங்கள் என எல்லா விதியும் அங்கே படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கிறது. யூனிட்ஸ் ஃபைலில் வாரியரைத் தேடுங்கள். அதன் பலம் 8 என்று இருக்கும். அதை 80 ஆக்கிச் சேமித்து, ஓட்டி, புது கேம் தொடங்கிப் பாருங்கள். பக்கத்து நாட்டை ஒரே வாரியர் புரட்டிப்போடுவதைப் பார்க்கும்போது, இந்த கேம் இனி உங்கள் கையில் இருக்கிறது என்ற நிறைவு வரும். அந்த நிறைவுக்காகத்தான் இவ்வளவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜேசன்ஸுக்குள் வனிலா என்றும் காட்ஸ் அண்ட் கிங்ஸ் என்றும் இரண்டு விதித் தொகுப்புகள், தனித்தனி ஃபோல்டர்களாக இருக்கின்றன. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதில் கேமைத் தொடங்கினால் எதுவும் மாறியிருக்காது. மாற்றம் தெரியவில்லையே என்று கிரேடிலைச் சுத்தம் செய்து மறுபடி மறுபடி பில்டு செய்வதற்கு முன், எந்த விதித் தொகுப்பில் விளையாடுகிறீர்கள் என்று பாருங்கள்.

படத்தை மாற்றுவது இரண்டாவது பாடம். கேம் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் திறப்பதில்லை. எல்லாவற்றையும் பெரிய தாள்களில் ஒட்டி, எது எங்கே என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்கிறது. இதை அட்லஸ் என்பார்கள். யூனிசிவில் சோர்ஸிலிருந்து டெஸ்க்டாப்பை ஓட்டும்போதுதான் இந்த ஒட்டும் வேலை நடக்கிறது. ஆகவே புதுப் படம் சேர்த்தால், போனுக்குக் கட்டுவதற்கு முன் ஒரு முறை டெஸ்க்டாப்பை ஓட்டிவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டு படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது விடை தெளிவாக இருக்கும். ஆக்டிவிட்டி, ஃப்ராக்மென்ட், கம்போஸ் என்று ஆண்ட்ராய்டு கோர்ஸில் வரும் எதுவும் கோர் ஃபோல்டரில் கிடையாது. திரைகளைக்கூட லிப்ஜிடிஎக்ஸின் சீன்2டி என்ற பகுதிதான் வரைகிறது. உங்களுக்கு வேண்டியது கோட்லினைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம். கல்லூரியில் ஜாவா படித்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் படிக்க வரும். எழுத வருவதற்குக் கூடுதல் காலம் ஆகும், அது ஆளைப் பொறுத்தது.

போன் எப்போது வேண்டும்? தொடுதிரையில் விரலுக்குப் பட்டன் போதுமா, சின்னத் திரையில் எழுத்து வெட்டுப்படுகிறதா, பழைய போனில் வேகம் எப்படி என்று பார்க்க வேண்டிய நாளில். அன்றைக்கும் எமுலேட்டர் வேண்டாம், உங்கள் போனையே கேபிளில் போடுங்கள். அதற்கு மட்டும் எஸ்டிகே வேண்டும். போனின் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் போனைப் பார்க்கவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டில் நிறைய இருக்கும். சில போன்களில் யூஎஸ்பி வழியாக இன்ஸ்டால் செய்ய அனுமதி என்று இன்னொரு சுவிட்ச் தனியாக இருக்கும்.

இந்த இடத்தில் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் போனில் ஏற்கெனவே ஸ்டோரிலிருந்து போட்ட யூனிசிவ் இருக்கிறது. நீங்கள் கட்டும் ஏபிகே (போனில் போடும் ஆப் ஃபைல்) சோதனைக்கான டிபக் சாவியால் கையெழுத்திடப்படும், ஸ்டோரில் இருப்பது வேறு சாவி. பேக்கேஜ் பெயர் ஒன்றாக இருந்து சாவி வேறாக இருந்தால் ஆண்ட்ராய்டு மேலே போட விடாது, "இன்கம்பாட்டிபிள்" என்று மறுக்கும். அப்போது பழையதை நீக்கட்டுமா என்று ஸ்டுடியோ கேட்கும். சரி என்று அமுக்கினால் உங்கள் ஆட்டங்கள் எல்லாம் அதோடு போய்விடும். நான் ஒரு முறை வேறொரு கேமில் யோசிக்காமல் அமுக்கி, என் தங்கை மாதக்கணக்கில் ஆடிய ஆட்டத்தை அழித்திருக்கிறேன். அவள் போனைத்தான் சோதனைக்கு வாங்கியிருந்தேன். அதனால் முதலில் கேமுக்குள் போய் உங்கள் ஆட்டங்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, உங்கள் ஃபோர்க்கில் அப்ளிகேஷன் ஐடியின் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இரண்டும் போனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிறகு உங்கள் திருத்தங்களை ஏற்கச் சொல்லி கேமை நடத்துபவர்களுக்கு அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் அந்த மாற்றத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

டெஸ்க்டாப்பில் ஓடி போனில் விழும் ஒரு பிழையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். விண்டோஸ் ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது. ஆண்ட்ராய்டின் அசெட்ஸ் பார்க்கும். நிரலில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரையும் ஃபோல்டரில் சின்ன எழுத்தில் தொடங்கும் பெயரையும் வைத்திருந்தால், உங்கள் லேப்டாப்பில் ஒலி கேட்கும், போனில் அந்த இடத்தில் ஒலி வராது, அல்லது கேமே விழும். சோர்ஸ் சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கத் தேட வைக்கிற பிழை இது.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். மொழிபெயர்ப்பு வரிகளைச் சேர்ப்பது கடினமில்லை, ஜேசன்ஸுக்குள்ளேயே டிரான்ஸ்லேஷன்ஸ் என்று ஃபோல்டர் இருக்கிறது, மொழிக்கு ஒரு ஃபைல். சிக்கல் எழுத்தை வரைவதில். லிப்ஜிடிஎக்ஸ் இயல்பாக ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். யூனிகோடில் "கெ" என்பது முதலில் ககரம், பிறகு எகரக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. பிரவுசர் அதைச் செய்கிறது. லிப்ஜிடிஎக்ஸின் எழுத்துரு முறை தானாகச் செய்யாது. கொம்பு பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்துவிடும், "கு" போன்ற எழுத்துகள் ககரமும் தனிக் குறியுமாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொரு கேமும் இதைத் தன் நிரலில்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே ஆயிரக்கணக்கான வரிகளை மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன், கெ, கொ, கை, கு, பூ, ஸ்ரீ என்று ஆறு எழுத்துள்ள ஒரே ஒரு வரியைச் சேர்த்து, டெஸ்க்டாப்பிலும் போனிலும் எப்படி வருகிறது என்று படம் பிடியுங்கள். உடைந்தால் அந்தப் படத்தோடு கேமின் கிட்ஹப் பக்கத்தில் இஷ்யூ (பிழைப் புகார்) எழுதுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் எந்த எழுத்து எப்படி வர வேண்டும் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுவது, தமிழே தெரியாத ஒரு புரோகிராமருக்குப் பெரிய உதவி. எனக்கு இதில் தனிப்பட்ட ஆசை உண்டு, நீங்கள் செய்வதாக இருந்தால் நானும் சேர்ந்து சோதித்துத் தருகிறேன்.

நான் சொன்னதெல்லாம் லிப்ஜிடிஎக்ஸ் குடும்பத்து கேம்களுக்குப் பொருந்தும். மைண்டஸ்ட்ரியும் ஏறக்குறைய இதே வழிதான், அது ஆர்க் என்ற தன் சொந்த லைப்ரரியை வைத்திருந்தாலும். சூப்பர்டக்ஸ்கார்ட், முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்த லுவான்டி போன்றவை சி பிளஸ் பிளஸ். அவற்றின் ஆண்ட்ராய்டு பில்டுக்கு என்டிகே என்ற இன்னொரு கருவித்தொகுப்பு வேண்டும், அந்த உலகம் வேறு. இன்னொன்று, சோர்ஸ் திறந்திருப்பதும் பங்களிப்பை வாங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன் ஜிபிஎல் 3 என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது, உங்கள் சொந்தப் பதிப்பைச் செய்துகொள்ள வழிகாட்டி ஆவணங்கள்கூட வைத்திருக்கிறார்கள், ஆனால் புல் ரிக்வெஸ்ட் ஏற்பதில்லை என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறது. யூனிசிவ் வெளியாட்களின் திருத்தங்களை வாங்கி வளர்ந்த கேம். அதனால் உங்கள் தேர்வு நல்ல தேர்வு.

இன்று மாலை உட்காரும்போது ஸ்டுடியோவைத் திறக்காதீர்கள். ஜாவா பதிப்பைப் பாருங்கள், ஃபோல்டரை சி டிரைவுக்கு மாற்றுங்கள், டெர்மினலில் டெஸ்க்டாப் ரன்னைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். வந்து பார்க்கும்போது ஜன்னல் திறந்திருந்தால், வாரியரைத் தொடுவதற்கு முன் கிட்டில் புது பிராஞ்ச் (மாற்றங்களுக்கான தனிக் கிளை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காமல் சிவப்பாகவே இருந்தால், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். "காஸ்டு பை" என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதையும், டெர்மினலில் ஜாவா தன் பதிப்பாகச் சொல்லும் எண்ணையும், புராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையையும் எழுத்தாகவே அனுப்புங்கள். அந்த மூன்றும் இருந்தால் மேலே சொன்ன நான்கில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.